வாக்குமூலத்தில் சேராதது

வயது என்ன என்று கேட்டேன்.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்த வாரம்
மூத்தவனுக்குக் காது குத்தினேன்,
நீரே கூட்டிக்கொள்ளும் என்றான்.
கூட்டினேன். தொண்ணூற்றெட்டு.
துரை நம்பமாட்டார் என்று எண்பது போட்டேன்.

பெயர் பாடலி ஆசாரி. ஊர் அழகியநத்தம்,
வரப்பைத் தாண்டினால் பிராஞ்சுக்காரன் சீமை.
தொழில்: மரக்கால், படி, உரி, உழக்கு.
வண்டிச் சக்கரம் செய்யத் தெரியாது என்றான்,
யாரும் கேட்காமலே.

மஞ்சக்குப்பம் கச்சேரி மேசையில் இரண்டு மரக்கால்,
மிராசுதார் களஞ்சியத்திலிருந்து குடியானவர்கள்
இரவோடு இரவாகத் தூக்கி வந்தவை.
ஒரே உயரம். ஒரே பலா. மூன்று மூன்று இரும்புப் பூண்.
நெல் கொட்டிப் பார்த்தாயிற்று:
ஒன்று எட்டரைப் படி கொள்கிறது,
மற்றது ஏழேகால்.
எது சரி என்பதுதான் வழக்கு.

கிழவனுக்குக் கண் போய் ஆறு வருஷம்.
முழங்கை வரை உள்ளே விட்டான்,
கன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று
பசுவுக்குள் தேடுகிறவன் போல.
பிறகு கவிழ்த்து, அடியில் பிறைக் கீறலைத் தடவி
இரண்டும் என் கைதான் என்றான்.
இது வாங்க. இது கொடுக்க.

எப்போது செய்தாய்?
இவருடைய தாத்தா கேட்டார், செய்தேன்.
ஒன்றுக்கு அடியை இழைத்து இழைத்துத் தகடாக்கினேன்.
ஒன்றுக்கு அடியில் ஒரு விரற்கடை தடிப்பு விட்டேன்.
நல்ல வேலை சாமி. பொளி தெரியாது பாருங்கள்.
அன்றைக்கே கூலி அளந்தார்.
எதில் என்று நினைக்கிறீர்?

அறுவடைக்கு அறுவடை என் களத்துச் சுதந்திரமும்
அதே மரக்காலில்தான்.
'லாபம்' என்று முதல் மரக்கால் விழும்போதே
எத்தனை பிடி குறைகிறது என்று
என் உள்ளங்கை சொல்லும்.
செய்தவனுக்குத் தெரியாதா?
வாயைத் திறந்தால் நான் செய்தது வெளியே வரும்.
எழுபது வருஷம் மூடியிருந்தேன்.

துபாஷி பொறுமையிழந்தான். சரியான அளவு எது, அதைச் சொல்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது என்றான் கிழவன்.
எட்டுப் படி, ஒரு நெல் கூடாது, ஒரு நெல் குறையாது.
யாரும் வாங்கவில்லை. வீட்டில் தவிடு போட்டு வைத்திருந்தோம்.
கலாப வருஷத்தில் குதிரைக்காரர்கள் வைக்கோலையும் விடவில்லை.
புளியங்கொட்டை வேக நேரமாகும், தெரியுமோ?
சுள்ளி தீர்ந்தது. ஏர்க்கால் தீர்ந்தது.
அதைப் பிளந்து வைத்தேன்.
நன்றாக எரிந்தது.

கச்சேரியில் யாரோ சிரித்தார்கள்.
கிழவனும் கூடச் சிரித்தான். பிறகு,
எனக்குப் படியளக்கிறவன் இருக்கிறானே,
அவனிடமும் இரண்டு மரக்கால் இருக்கிறது என்றான்.
என் வயசை இந்தப் பெரியதில் அளந்தான்,
தலைதட்டக்கூட மறந்துபோனான்.
பிள்ளைகள் ஐந்து பேர்.
ஐவருக்கும் சின்னதில்.

சிரஸ்தார் என்னைப் பார்த்தார்.
மிராசுதார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.
நான் மையைத் தொட்டு எழுதினேன்:
சாட்சி வயோதிகத்தால் தடுமாறுகிறான்.
இரண்டு மரக்காலும் தன் வேலை என்று ஒப்புக்கொண்டான்.
மற்றது வழக்குக்குச் சம்பந்தமில்லை.
கைநாட்டு வைத்தான். ரேகையே இல்லை அந்தக் கட்டைவிரலில்,
வெறும் கறுப்பு வட்டம்.

சாட்சிப்படி இரண்டு படி அரிசி.
கும்பெனி முத்திரை குத்திய பித்தளைப் படியில்
சேவகன் அளந்து துண்டில் கொட்டினான்.
கிழவன் கை நீட்டிப் படியை வாங்கி
அடியில் விரல்கணுவால் ஒரு தட்டுத் தட்டி
காதருகே பிடித்தான்.

ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு
பேரன் தோளைப் பிடித்துப் படியிறங்கினான்.

அன்று ராத்திரி விளக்கு வைத்ததும்
என் வீட்டுப் படியைக் கவிழ்த்து
நானும் தட்டிப் பார்த்தேன்.
எனக்குச் சத்தம்தான் கேட்டது.